முழு வண்டியில் மிச்சமிருந்த இடம்

முழு வண்டிதான் வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் சண்டை போட்டவள் நான். அந்தச் சண்டையில் ஜெயித்தவளும் நான். ஜெயித்த பிறகு அதைக் கெடுத்தவளும் நானேதான். பழியை வேறு யார் தலையிலாவது போட ஏதாவது இண்டு இடுக்கு இருக்கிறதா என்று இரண்டு வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

பெங்களூருக்கு வெளியே ஆனேக்கல் பக்கத்தில் வரிசையாக நிற்கும் தகரக் கூரை ஷெட்டுகளில் ஒன்று எங்களுடையது. நாங்கள் செய்வது சக்கர நாற்காலி. ஆஸ்பத்திரி வராந்தாவில் மடக்கி வைத்திருப்பார்களே, அந்த வகை இல்லை. பிறவியிலேயே கை கால் தன் பேச்சைக் கேட்காத குழந்தைகளுக்கு ஒவ்வொருவராக அளவெடுத்துச் செய்வது. முதுகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தாங்கல், தலை நிற்காவிட்டால் தலைக்கு அணை, இடுப்பு நழுவாமல் இருக்கப் பள்ளம் வைத்த மெத்தை. ஒரு குழந்தைக்குச் செய்தது இன்னொன்றுக்கு ஆகாது. அதே குழந்தைக்கே ஆறேழு மாதம் கழித்துப் பொருந்தாமல் போகலாம். வளர்கிற உடம்பு.

என் வேலை டிஸ்பாட்ச். செய்து முடித்ததைக் கட்டி, வண்டி பேசி, ஏற்றி, போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது. வீடு இருக்கும் ஜோகுபாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்குள் போய்விடுவேன். நாற்காலி செய்யத் தெரியாது. ஆனால் செய்ததை எப்படி அனுப்புவது என்பதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருடம் வடகர்நாடகத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பதினெட்டு நாற்காலிகள் போக வேண்டியிருந்தது. முந்தின வருடம் அதே பள்ளிக்குப் பத்து நாற்காலிகளைப் பார்ட் லோடில் அனுப்பியிருந்தோம். பார்ட் லோடு என்றால் ஒரு லாரியில் பல பேருடைய சரக்கு. நம் பொருள் முதலில் டிரான்ஸ்போர்ட்காரர் குடோனுக்குப் போகும், அங்கே இறங்கும், வேறு லாரியில் ஏறும், நடுவழியில் இன்னொரு குடோனில் மறுபடி இறங்கும். ஒவ்வொரு தடவையும் புதுக் கைகள். அட்டைப்பெட்டி மேல் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று மூன்று மொழியில் எழுதியிருந்தேன். பத்தில் நான்கு தலைகீழாகப் போய்ச் சேர்ந்தன. ஒன்றின் மேல் யாரோ டைல்ஸ் பெட்டி வைத்திருந்தார்கள். அதன் தலை அணை ஒரு பக்கமாக மடங்கிப் போயிருந்தது.

அதனால்தான் இந்த முறை முழு வண்டி கேட்டேன். ஃபுல் லோடு. நம் சரக்குக்கு மட்டும் ஒரு வண்டி. நம் வாசலில் ஏறி அவர்கள் வாசலில் இறங்கும், நடுவில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் பெரிது. நாற்காலி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. அதில் குழந்தையை உட்கார வைத்துத் தாங்கலையும் பெல்ட்டையும் சரிபார்த்துப் பொருத்த ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் அம்மா வேண்டும். அவர் அந்த ஊருக்கு ஐந்தாறு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார், வந்தால் ஒரே ஒரு நாள். அவர் பொருத்தாமல் உட்கார வைக்கக் கூடாது. தப்பான இடத்தில் அழுத்தினால் அந்தக் குழந்தைகளுக்குத் தோல் புண்ணாகிவிடும், வலிக்கிறது என்று சொல்லவும் சிலருக்கு வாய் வராது. ஆக, அவர் வரும் அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்காலிகள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவைதான்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். அவர் தாத்தா மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர், குடும்பமே பல காலமாகப் பெங்களூர்தான். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவரை ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு மூன்று நாள் ஆனது. அப்புறம் வண்டி அளவில் ஒரு சிக்கல். பதினேழு அடி வண்டியில் பதினாறுதான் நிற்கும், நாற்காலியை ஒன்றின் மேல் ஒன்று அடுக்க முடியாது. இரண்டு நாற்காலிக்காக, அகலமும் கூடுதலான இருபத்திரண்டு அடி வண்டி எடுக்க வேண்டியதாயிற்று, அதில் வரிசைக்கு மூன்று நிற்கும். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“வண்டியில பாதி நாற்காலி போகுது, பாதி காத்துன்னா போகுது. காத்தை ஏத்தி அனுப்பற மொதல் கம்பெனி நம்மளுதுதான்.”

வேடிக்கையாகச் சொன்னது. எனக்கு மட்டும் அது முள்ளாகத் தைத்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனேன். காற்றை அனுப்புகிறவள் நான்.

அது ஏன் அப்படித் தைத்தது என்று சொல்ல வேண்டும். நான் கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊர் பாதிப் பேருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான், விடிகாலை ரயிலில் வந்து இரவு ரயிலில் திரும்புவது. நானும் பன்னிரண்டு வருடம் அப்படி வந்து போனவள். அந்த ரயிலில் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் உட்காருவோம். ஆறாவது ஆள் வந்து நின்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஐந்து பேரும் ஒரு விரல்கடை நகர்வார்கள், இடம் வந்துவிடும். காலி இடத்தில் பையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறவனைப் போலக் கேவலமானவன் எங்கள் பெட்டியில் கிடையாது. யார் வண்டி எடுத்துக்கொண்டு பெங்களூர் போனாலும் அது சும்மா போகாது. ஒருத்தர் அரிசி மூட்டை, ஒருத்தர் தையல் மெஷின், ஒருத்தர் தன் அம்மாவையே ஏற்றி அனுப்புவார். இடம் இருக்கிறது என்றால் அது கேட்கிறவனுக்கு. எங்களுக்கு அது பழக்கம்கூட இல்லை, உடம்பிலேயே ஊறிப்போனது.

பதினெட்டில் ஒரு நாற்காலியை எனக்குத் தனியாகத் தெரியும். பதினோராம் எண். ஏழு வயதுப் பெண் குழந்தை. அளவுத்தாளில் ஒரு எண் அழிந்திருந்தது என்று அதன் அம்மாவுக்குப் போன் செய்தேன். கன்னடத்தில்தான் பேசினோம். அளவைச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, மெத்தைத் துணி கிளிப்பச்சையில் கிடைக்குமா என்று கேட்டாள். மகளுக்கு அந்த நிறத்தைப் பார்த்தால் சிரிப்பு வருமாம். எங்களிடம் நீலமும் கறுப்பும்தான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் போய், ஐந்தாறு கடை ஏறி இறங்கி, துடைத்தால் அழுக்குப் போகிற கிளிப்பச்சை ரெக்சின் வாங்கி வந்து தையல்காரரிடம் கொடுத்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவதற்கு இது வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. மெத்தைப் பசை காய வேண்டியிருந்ததால் அதற்கு முன்னால் அனுப்ப வழியில்லை. மதியம் இரண்டு மணிக்குப் புறப்பட்டால் காலை எட்டு மணிக்கெல்லாம் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்துவிடும், டிரைவர் நடுவில் தூங்கி எழுந்தும்கூட. முதலாளி ஒரு கல்யாணத்துக்காக மைசூர் போயிருந்தார். ஒரு மணிக்கெல்லாம் பதினெட்டும் ஏறிவிட்டன. ஒவ்வொன்றையும் பெல்ட் போட்டுச் சுவரோடு கட்டி, நடுவில் தெர்மகோல் செருகி, நானே ஏறிப் பார்த்தேன். கிளிப்பச்சை நடு வரிசையில் பளிச்சென்று நின்றது. அதற்குப் பின்னால், கதவுப் பக்கம், மூன்றில் ஒரு பங்கு வண்டி காலி. அந்தக் காலித் தரையைப் பார்த்ததும் எனக்கு முதலாளி சிரித்ததுதான் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் பக்கத்து ஷெட்காரர் வந்தார். அவரும் எங்கள் ஊர்தான், அதே ரயில், அதே பெட்டி. எனக்கு அண்ணன் மாதிரி. வேறு வேறு இடத்தில் வெல்டராக இருந்து, கடைசியில் துணிந்து சொந்தமாகச் சின்ன மாவுமில் மெஷின் செய்து விற்க ஆரம்பித்திருந்தார். ராகியும் கோதுமையும் அரைக்கிற மெஷின், கடைக்காரர்கள் வாங்குவது. வடக்கே ஒரு ஊரிலிருந்து அவருக்கு முதல் பெரிய ஆர்டர் வந்திருந்தது, ஆறு மெஷின். பார்ட் லோடுக்குச் சொல்லியிருந்த லாரி இரண்டு நாளாக வரவில்லை. சனிக்கிழமைக்குள் வராவிட்டால் வேண்டாம் என்று அந்தக் கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கெஞ்சவில்லை. ரயிலில் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

“இன்னாம்மா, இவ்ளோ எடம் சும்மா போவுது. நம்ம ஆறு உருப்படி அந்த ஓரத்துல குந்திக்கினு போவாதா? போற வழிதானே.”

போகிற வழிதான். எங்கள் பள்ளிக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் வருகிற ஊர். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். முதலாளிக்குப் போன் செய்து கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பார் என்றும் தோன்றியது, அதனால் கேட்கவில்லை. மெஷின் நாற்காலியைத் தொடக் கூடாது, நடுவில் கட்டை வைத்து அடைக்க வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். வாடகையில் பங்கு தருகிறேன் என்றார். அதெல்லாம் வேண்டாம், டீ வாங்கிக் கொடுங்கள் போதும் என்றேன். திங்கட்கிழமை முதலாளியிடம் போய், பாருங்கள், காற்றுக்குப் பதில் ஒரு மனுஷனைக் கரையேற்றி விட்டேன் என்று சொல்லப் போகிறேன் என்ற நினைப்பே எனக்கு இனித்தது. உதவி பாதி, வீம்பு பாதி. இன்று கேட்டால் வீம்புதான் கொஞ்சம் கூட இருந்திருக்கும் என்பேன்.

டிரைவர் ஓசூர் பக்கத்து ஆள், எங்களுக்கு அடிக்கடி வருகிறவர். பலகை போட்டுச் சங்கிலியில் மெஷினை இழுப்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, ஃபுல் லோடுன்னு பேசினீங்க. இப்ப இது பார்ட் லோடு ஆயிடுச்சு. தெரிஞ்சுதானே பண்றீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக லோடு அனுப்புகிறவளுக்கு நீ பாடம் எடுக்கிறாயா என்று கேட்டேன். அவர் கேபினுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒவ்வொரு மெஷினும் நான்கு பேர் சேர்ந்தாலும் நகராத கனம். ஆறும் ஏறி முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வண்டி புறப்படும்போது மணி நாலேகால். அதற்குப் பிறகு நெலமங்கலம் வரை சாயங்கால நெரிசல். நான் பஸ்ஸில் போகும்போதே டிரைவர் போன் செய்து, இன்னும் தும்கூர் ரோட்டைத் தாண்டவில்லை என்றார். போய்விடலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எட்டே கால் மணிக்கு, நான் ஷெட்டுக்குள் நுழையும்போது மறுபடி போன் வந்தது. டிரைவர் அந்த மெஷின் இறக்குகிற ஊர் எல்லையில் நின்றுகொண்டிருந்தார். எட்டிலிருந்து பதினொன்று வரை அந்த ஊருக்குள் லாரி போகக் கூடாதாம். பெங்களூரில் நாள் முழுக்க இந்த நோ என்ட்ரியோடு மல்லுக்கட்டுகிறவள் நான். அந்த ஊரிலும் அப்படி ஒன்று இருக்குமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஊருக்கு எனக்கு வேலையே இருந்ததில்லை, எங்கள் வண்டி பைபாஸில் நேராகப் போவதுதான் வழக்கம்.

மெஷினை விட்டுவிட்டு நேராகப் பள்ளிக்கூடம் போங்கள், அதைத் திரும்பும்போது இறக்கலாம் என்று கத்தினேன்.

“எப்படிக்கா? மெஷின்தானே கதவாண்ட நிக்குது. அதை இறக்காம சேர் ஒண்ணுகூட வெளிய வராது. அங்க போனா யாரு இறக்குவாங்க? டீச்சரம்மாவும் கொழந்தைங்களுந்தான் இருப்பாங்க.”

கடைசியில் ஏற்றியதுதான் முதலில் இறங்கும். இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் படிக்கிற சங்கதி. நாற்காலிகளைத் தொடக் கூடாது, கட்டை வைத்து அடையுங்கள் என்று அத்தனை அக்கறையாகச் சொன்னவள், அவற்றுக்கு முன்னால் ஆறு இரும்பு மெஷினைக் கதவு மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு ஏழெட்டு கூலியாட்களை ஏற்பாடு செய்யலாம் என்பது எனக்கு அரைமணி கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அவர் வண்டிக்கு முன்னும் பின்னும் லாரிகள் வரிசை கட்டிவிட்டன. நடுவில் தடுப்புச் சுவர். திரும்ப வழியில்லை.

பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஒன்பதரைக்குப் போன் செய்தார். வண்டி எங்கே வருகிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது. சிலர் நாற்பது ஐம்பது கிலோமீட்டரிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்களாம், பதினோராம் எண் அம்மா முந்தின நாளே வந்து வராந்தாவில் படுத்துக்கொண்டாளாம். வண்டி வழியில் நிற்கிறது, வந்துவிடும் என்றேன். ஏன் நிற்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்புறம் மணிக்கு ஒரு தடவை அவர் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

பதினொன்றுக்கு வண்டி ஊருக்குள் போனது. கடைத்தெரு குறுகல். மெஷின் இறங்கி முடியும்போது மதியம் மணி ஒன்று. பள்ளிக்கூடத்தை மூன்றரைக்குத் தொட்டது. ஃபிசியோதெரபிஸ்ட் அம்மா ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும், மறுநாள் வேறு ஊரில் இன்னும் இருபது குழந்தைகள் காத்திருந்தார்கள். அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஐந்து பேருக்குப் பொருத்தினார் என்று தலைமை ஆசிரியை சொன்னார். மிகச் சின்னக் குழந்தைகளாகப் பார்த்து ஐந்து பேர். மற்ற பதின்மூன்று நாற்காலிகளையும் ஒரு அறையில் வைத்துப் பூட்டினார்கள். பதினோராம் எண் அந்த அறைக்குள் போனது.

கீறல் இல்லாமல், ஒரு திருகு கழலாமல் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன. நான் கட்டியிருந்த கட்டு அப்படி.

திங்கட்கிழமை காலை பக்கத்து ஷெட் அண்ணன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். மெஷின் நேரத்துக்குப் போய்விட்டது, கடைக்காரருக்குச் சந்தோஷம், இன்னும் நான்கு கேட்டிருக்கிறார். முகம் பூத்து நின்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. உங்களால் பதின்மூன்று குழந்தைகள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று, லோடர்கள் எல்லாம் பார்க்க, வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். அவருக்கு எதுவுமே தெரியாது. கேட்கக் கேட்க அவர் முகம் செத்துப் போனது. பாக்ஸை மேசை மேல் வைத்தார்.

“நான் கேட்டேம்மா. ஒத்துக்கறேன். நீ இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னா கோச்சுக்கவா போறேன்?”

அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார். கோபித்துக்கொண்டிருக்க மாட்டார், அது எனக்கும் தெரியும். இல்லை என்று சொல்லத் தெரியாதது என் குறை, அவர் குறை இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். இன்றுவரை சரியாகக் கேட்கவில்லை. எதிரில் வந்தால் சாப்பிட்டீங்களா அண்ணா என்கிறேன், ஆச்சும்மா என்கிறார்.

முதலாளியிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, அந்தக் காற்று வீண் இல்லை, அந்த இடம் காலியாக இருந்தால்தான் வண்டி எங்கும் நிற்காமல் நம் நேரத்துக்குப் போகும், அதைக் கிண்டல் பண்ணியது தன் தப்பு என்றார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு ராஜினாமாக் கடிதத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய் வந்தேன். கொடுக்கவில்லை. கொடுத்தால் தப்பித்துக்கொள்கிறேன் என்று பட்டது.

ஐந்து மாதம் கழித்து ஃபிசியோதெரபிஸ்ட் அம்மா மறுபடி அந்த ஊருக்குப் போனார். பூட்டி வைத்திருந்த பதின்மூன்றில் பதினொன்று, இங்கே தளர்த்தி அங்கே இறுக்கி, எப்படியோ பொருந்திவிட்டன. இரண்டு பொருந்தவில்லை. புதிதாகச் செய்ய இரண்டு அளவுத்தாள் வந்தது. மேலே இருந்தது பதினோராம் எண்.

பழைய தாளை ஃபைலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவு சரிபார்ப்பது என் வேலை இல்லை. ஆனாலும் பார்த்தேன். தோளிலிருந்து இடுப்பு வரை இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் ஒரு அளவு எழுதியிருப்பார்கள். முதுகு வளைந்திருந்தால் இரண்டும் வேறு வேறாக வரும். பழைய தாளில் வித்தியாசம் ஒன்றே கால் அங்குலம். புதியதில் இரண்டு. மனம் கேட்காமல் ஃபிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கே போன் செய்து கேட்டேன். வளர்கிற குழந்தைக்கு வளைவு எப்படியும் கொஞ்சம் கூடும், நாற்காலி இருந்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள் என்றார். அவர் படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். போனை வைத்துவிட்டு மேசையில் ஸ்கேலை வைத்து முக்கால் அங்குலம் எவ்வளவு என்று பார்த்தேன். இரண்டு விரல் அகலம்கூட இல்லை. ரயிலில் ஆறாவது ஆளுக்காக நாங்கள் ஒவ்வொருவரும் நகர்கிற அளவுதான்.

இந்த முறை இரண்டே நாற்காலி. சின்ன வண்டி போதும். முழு வண்டியாக எடுக்கட்டுமா என்று நான் முதலாளியைக் கேட்கக்கூட இல்லை, அவரே சொல்லிவிட்டார். சிவாஜிநகரில் அதே கடையில் கிளிப்பச்சை மறுபடி கிடைத்தது. ஃபிசியோதெரபிஸ்ட் அம்மா அடுத்து வரும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே அனுப்பினேன். ஏற்றும்போது பக்கத்து ஷெட் அண்ணன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஷெட் முன்னால் கட்டி வைத்த இரண்டு மெஷின் லாரிக்காகக் காத்திருந்தது. எங்கள் வண்டியில் இடம் இருந்தது. அவர் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. கதவை நானே சாத்திப் பூட்டினேன்.

நாற்காலி பொருத்திய அன்று மதியம் பதினோராம் எண் அம்மா தானாகவே போன் செய்தாள். மகள் உட்கார்ந்துவிட்டாளாம், பச்சையைத் தடவித் தடவிச் சிரிக்கிறாளாம். அந்தச் சிரிப்பையும் கேட்க வைத்தாள். முதல் தடவை நாற்காலி வந்தும் உட்கார முடியாமல் திரும்பியபோது மகள் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள், அப்போது சமாதானத்துக்கு ஒன்று சொல்லி வைத்தேன் என்றாள். லாரி மாமா வழியில் யாருக்கோ உதவி செய்யப் போனதால்தான் லேட் ஆகிவிட்டது என்று சொன்னாளாம். மெஷின் இறக்கியதை டிரைவர் சொல்லித் தெரிந்துகொண்ட தலைமை ஆசிரியை அவளிடம் சொல்லியிருக்கிறார்.

அதை அப்படியே விட்டிருக்கலாம். விட முடியவில்லை. உதவி ஒன்றும் இல்லையம்மா, அந்த மெஷினை ஏற்றச் சொன்னது நான், முழு வண்டி உங்கள் குழந்தைகளுக்காக எடுத்தது, அதில் இன்னொருவருக்கு இடம் கொடுக்க எனக்கு உரிமை இல்லை, தப்பு என்னுடையது என்று கன்னடத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

“அக்கா, அவங்க மெஷினாவது அன்னைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சா?” என்று கேட்டாள்.

சேர்ந்தது என்றேன்.